21 நாள் பயிற்சியில் இல்லாத பாடம்

பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். படிக்க வேண்டும். கல்லூரி ஆசிரியராக அது தேவையில்லை. முதுகலைப் பட்டமும், நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். எப்படிக் கற்பிப்பது என்று ஒரு நாள்கூடப் படிக்காத ஒருவர், ஜூன் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில் அறுபது பேர் முன்னால் சாக்பீசும் கையுமாக நிற்கலாம். நானும் அப்படித்தான் நின்றேன்.

அந்தக் குறையைப் போக்கத்தான் 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து நாடு முழுவதும் 'அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்'களைப் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கியது. வேலையில் சேர்ந்த ஆசிரியர்கள் அங்கே போய்ச் சில வாரங்கள் தங்கிப் படிக்க வேண்டும். பிறகு அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று 'மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம்' தொடங்கப்பட்டு, அந்த மையங்களுக்கும் மாளவியா பெயர் வைக்கப்பட்டது. 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் சாதி இந்துக்கள் தரப்பில் கையெழுத்திட்டாரே, அதே மதன் மோகன் மாளவியாதான். இந்த நாட்டில் ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு பெயர் வைக்க நினைத்தவர்களுக்கு, முறையாகப் பயிற்சி பெற்று 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பாடம் நடத்தப் போன சாவித்திரிபாய் பூலே நினைவுக்கு வரவில்லை. 2019-இல் புதிய ஆசிரியர்களுக்கான அறிமுகப் பயிற்சிக்கு மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெயர் 'குரு தக்ஷதா'. குரு என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களுக்கு ஞானம் நினைவுக்கு வருகிறது, நமக்கு ஏகலைவனின் கட்டைவிரல்.

பெயரை விடுவோம். உள்ளே என்ன நடக்கிறது?

2018 மானியக் குழு விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் ஒருவர் முதல் பதவி உயர்வு பெற 21 நாள் ஓரியன்டேஷன் முடித்திருக்க வேண்டும். அதோடு புத்தொளிப் பயிற்சி, ஆய்வு முறையியல் வகுப்பு, இணையவழிப் படிப்பு என்று ஏதாவது ஒன்றும் வேண்டும். கல்லூரிக்கு நாக் குழு வரும்போது எத்தனை ஆசிரியர்கள் பயிற்சிகளில் கலந்துகொண்டார்கள் என்ற கணக்குக்கும் மதிப்பெண் உண்டு. ஆக ஆசிரியருக்கும் சான்றிதழ் தேவை, நிர்வாகத்துக்கும் சான்றிதழ் தேவை. கொரோனா ஆண்டுகளில் இந்தத் தேவை என்ன பாடு பட்டது என்பதை எந்தக் கல்லூரி ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். கேமராவை அணைத்துவிட்டு அடுப்படியில் நின்றோம். கடைசியில் வந்த கூகுள் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று டிக் செய்தோம். ஐந்து நிமிடத்தில் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்தது. என்னிடம் அப்படிப் பதினொன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் என் பெயரே தப்பாக அச்சாகியிருக்கிறது, அதையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

நான் நேரில் போன 21 நாள் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த மையம் என்பது முக்கியமில்லை. ஸ்மார்ட் போர்டு, மன அழுத்த மேலாண்மை, காலை யோகா, ஆய்விதழில் கட்டுரை வெளியிடும் வழிகள், பவர்பாயின்ட். சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஒருவர் கோட்டும் காலர் மைக்குமாக வந்து, வெற்றியாளர்கள் குறை சொல்ல மாட்டார்கள் என்றார். அரைமணி நேரம் எங்களை எழுந்து நின்று கைதட்ட வைத்தார். நாற்பது உதவிப் பேராசிரியர்கள் 21 நாளும் 'மாணவர்கள்', 'மாணவர்கள்' என்று பேசிக்கொண்டே இருந்தோம். எந்த மாணவர்? எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்? வீட்டில் புத்தகம் வைக்க இடம் உள்ளவரா? அந்தக் கேள்வி வகுப்புக்குள் வரவேயில்லை.

வகுப்புக்கு வெளியே வந்தது. கேன்டீனில் முதல் நாளே ஆரம்பித்தது. "சாருக்கு எந்தப் பக்கம்?" "அந்த ஊருல எந்த ஏரியா?" "குலதெய்வம் எங்க?" தமிழ்நாட்டில் இவை ஊர் விசாரிக்கும் கேள்விகள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். நான்காம் நாள் பார்த்தால் சாப்பாட்டு மேசைகள் தாமாகப் பிரிந்திருந்தன. ஒரு மேசையில் இரண்டே பேர். அதிகம் படித்தவர்களும் அவர்கள்தான், இருவருமே வெளிமாநில மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு முடித்தவர்கள். அவர்களைப் பற்றிப் பக்கத்து மேசையில் ஒருவர் தணிந்த குரலில் சொன்னது: "அவங்களுக்கென்ன, கோட்டா." சொன்னவரும் இடஒதுக்கீட்டில் வந்தவர்தான். நானும் அப்படித்தான். நான் அந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போகவில்லை. மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டு என் மேசையிலேயே இருந்தேன்.

1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர், ஆசிரியர் அறையின் பொதுப் பானையிலிருந்து தண்ணீர் குடிப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அம்பேத்கர் அதற்கு முன்பே கொலம்பியாவில் படித்து முடித்தவர். எதிர்த்தவர்களும் கல்வியறிவு இல்லாதவர்கள் அல்ல. தங்கள் பாடத்தில் தேர்ந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். இன்றைய கணக்கில் பார்த்தால் அவர்களின் கோப்பிலும் எல்லாச் சான்றிதழும் இருந்திருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாளவியா திட்டத்தின் எட்டுத் தலைப்புகளில் 'மாணவர் பன்முகத்தன்மையும் உள்ளடக்கிய கல்வியும்' என்பதும் ஒன்று. ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பன்முகத்தன்மை என்ற சொல் நமக்கு எதை மறைக்கிறது என்று யோசிக்க வேண்டும். பல மொழி, பல உணவு, பல உடை என்றால் அது பன்முகத்தன்மை. ஒருவர் இன்னொருவருக்கு மேலே, அவர் வேறொருவருக்கு மேலே என்று அடுக்கி வைத்திருப்பதற்கு அம்பேத்கர் வைத்த பெயர் படிநிலைச் சமத்துவமின்மை. முன்னதைக் கொண்டாடலாம். பின்னதை ஒழிக்கத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டால், பயிற்சி முடித்து வருகிற ஆசிரியர் சாதியையும் பொங்கல் விழாக் கோலம் போல நினைத்துக்கொள்வார்.

இனி என் கதை. நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் பிறந்தவன், என் வீட்டில் முதல் பட்டதாரி. கறுப்புச் சட்டை போட்டிருக்கிறேன், ஏப்ரல் 14-இல் மாலை போட்டிருக்கிறேன், வீட்டை எதிர்த்து நண்பர்களின் திருமணங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆகவே எனக்குள் சாதி இல்லை என்று உறுதியாக நம்பினேன். அந்த உறுதிதான் என்னைப் பல ஆண்டுகள் கெடுத்தது.

ஒவ்வொரு ஜூனிலும் முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போய் ஒருவர் ஒருவராக எழுந்து சுயஅறிமுகம் செய்யச் சொல்வேன். பெயர், ஊர், படித்த பள்ளி, அப்பா என்ன வேலை செய்கிறார். கலகலப்பாக இருக்கும் என்பது என் எண்ணம். எல்லாரும் செய்வதுதானே? பட்டம் முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு பையன், மற்றவர்கள் போகும் வரை வராண்டாவில் நின்றுவிட்டு உள்ளே வந்தான்.

"சார், மொத நாள் எங்கப்பா டிரைவர்னு சொன்னேன்ல. அது பொய் சார். நகராட்சியில குப்ப அள்ற வேல. நீங்க மார்க்கெட் பக்கம் வந்தா பாத்துருவீங்களோன்னு மூணு வருசமா பயம் சார்."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான். மூன்று ஆண்டுகள் தன் அப்பாவை என் கண்ணிலிருந்து மறைத்து வைக்க வேண்டிய நிலைக்கு ஒரு பதினேழு வயதுப் பையனைத் தள்ளியது என்னுடைய கலகலப்பு. நான் அவனை ஒரு வார்த்தை இழிவாகப் பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாட்டை முதல் நாளே செய்து முடித்திருந்தேன்.

அன்றிரவு நான் இன்னும் என்னவெல்லாம் செய்கிறேன் என்று கணக்குப் பார்த்தேன். கல்வி உதவித்தொகை சுற்றறிக்கை வகுப்பு நடுவில் வரும். அட்டெண்டர் நிற்க, நான் உரக்க வாசிப்பேன்: "எஸ்.சி., எஸ்.டி. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் எழுந்திரிங்க, ஆபீஸ்ல கூப்பிடுறாங்க." பன்னிரண்டு பேர் எழுந்து கதவு வரை நடப்பார்கள். மீதிப்பேர் பார்ப்பார்கள். அந்த நடைதூரம் எவ்வளவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இதை ஏதோ நுண்ணுணர்வு விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். இது சட்டவிரோதம். உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கான மானியக் குழு விதிமுறைகள் 2012-இல் வந்தன. வகுப்பில் மாணவர்களின் சாதியை வாய்மொழியாகவோ அறிவிப்புப் பலகையிலோ அறிவிக்கக் கூடாது, ஒருவரை 'ரிசர்வ்டு' என்று முத்திரை குத்தக் கூடாது, சரியாகப் படிக்காததற்குச் சாதியைக் காரணம் காட்டிப் பேசக் கூடாது, தனி இருக்கை ஒதுக்கக் கூடாது என்றெல்லாம் அதில் வரிவரியாக இருந்தது. என்னைக் கேட்டால், இந்தியக் கல்லூரி ஆசிரியருக்காக எழுதப்பட்ட மிகச் சிறந்த பயிற்சிக் கையேடு அந்தச் சில பக்கங்கள்தான். என் 21 நாளில் ஒரு மணி நேரம்கூட அதற்கு ஒதுக்கப்படவில்லை. நான் அதை முதன்முதலில் வாசித்தது வேலையில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு வழக்குச் செய்தியைப் படித்தபோது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்ட ரோகித் வெமுலாவின் தாய் ராதிகாவும், 2019 மே மாதம் மும்பையில் இறந்த மருத்துவர் பாயல் தத்வியின் தாய் ஆபேதாவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இருக்கிற விதிகளை முறையாகச் செயல்படுத்துங்கள் என்று கேட்க, பிள்ளைகளை இழந்த இரண்டு தாய்மார்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்த விதிகளை வாசிக்கும்படி சம்பளம் வாங்கும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்கும் முன்னால், 2007-இல், டெல்லி எய்ம்ஸ் பற்றிப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு அறிக்கை தந்தது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் அதில் சொன்னவற்றைப் பாருங்கள். ஆசிரியர்களிடமிருந்து ஆதரவு கிடைக்கவில்லை, செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் பாகுபாடு, விடுதியில் ஒதுக்கம். இவற்றில் முதல் இரண்டும் ஆசிரியரின் தொழில்திறன் பற்றியவை. கேள்வி கேட்கும் விதம், மதிப்பிடும் விதம், நேரம் ஒதுக்கும் விதம். தொழில்முறை மேம்பாடு என்று தலைப்பு வைத்தால் இங்கிருந்துதானே தொடங்க வேண்டும்? நாம் பவர்பாயின்டிலிருந்து தொடங்குகிறோம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் இங்கே 47 சதவீதம், நாடு முழுவதற்கும் 28.4. இது நம் இயக்கங்களின் சாதனை, சந்தேகமில்லை. ஆனால் கதவைத் திறந்துவிட்டோமே தவிர, உள்ளே யார் நிற்கிறார்கள், வருகிறவரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் போதிய கவனம் செலுத்தவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கயிறு, நெற்றியில் திலகம் என்று தொலைக்காட்சிகள் ஒரு வாரம் கூச்சலிட்டன. அதே அறிக்கை ஆசிரியர்களைப் பற்றியும் பேசியது. ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போது சமூகநீதி குறித்த அவர்களின் மனப்பாங்கை அறிய வேண்டும், சாதிப் பாகுபாடு பற்றியும் சட்டங்கள் பற்றியும் ஆண்டுதோறும் அவர்களுக்கு வகுப்பு நடத்த வேண்டும் என்றது. அதைப் பற்றி விவாதம் எழவில்லை. மாணவன் கையிலுள்ள கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, அவிழ்க்கச் சொல்லிவிடலாம். ஆசிரியர் மண்டைக்குள் இருப்பதற்குச் சுற்றறிக்கை அனுப்ப முடியாது.

இன்டர்னல் மதிப்பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசிரியரின் அதிகாரம் அங்கேதான் குடியிருக்கிறது. பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் 100-க்கு 25, பல தன்னாட்சிக் கல்லூரிகளில் இன்னும் கூடுதல். தேர்வு, அசைன்மென்ட், செமினார், வருகைப்பதிவு என்று அது பிரியும். செமினாருக்கு 5-இல் ஒருவருக்கு 4, இன்னொருவருக்கு 2 என்று போட எனக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. நான் ஒரு பருவத்தில், விடைத்தாள்களின் பெயர்ப் பகுதியை மடித்துப் பின் அடித்துவிட்டுத் திருத்திப் பார்த்தேன். என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மதிப்பெண்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. பெயர் தெரியாத நிலையிலும், ஆங்கிலச் சொற்களைக் கலந்து எழுதிய விடைகளுக்கு அரை அரை மதிப்பெண்ணாகக் கூடுதல் போட்டிருந்தேன். அடித்தல் இல்லாத கையெழுத்துக்கும் அப்படியே. அந்த ஆங்கிலமும் அந்தக் கையெழுத்தும் எந்தப் பள்ளியில், எவ்வளவு கட்டணத்தில், எத்தனை தலைமுறையாகக் கிடைக்கின்றன? பெயரை மூடினால் போதாது போலிருக்கிறது. இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வகுப்பில் ஒட்டிவிடுகிறேன். செமினார் மதிப்பெண்ணுக்கு இரண்டு வரிக் காரணம் எழுதித் தருகிறேன். வேலை இரட்டிப்பாகிறது. சக ஆசிரியர்கள், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் பொருள் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ஆய்வு மாணவர்களின் நிலை இதைவிட மோசம். கைடு ஆவதற்கு ஒரு முனைவர் பட்டமும் சில கட்டுரைகளும் போதும். ஒரு மனிதரின் ஐந்தாறு ஆண்டுகளைக் கையில் வைத்துக்கொள்ளும் வேலைக்கு வேறு எந்தப் பயிற்சியும் கட்டாயமில்லை. உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்து, சினாப்சிஸில் கையெழுத்து, விடுப்பில் கையெழுத்து. காய்கறி வாங்கி வந்தவர்கள், கைடின் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தவர்கள் இதை வாசிப்பவர்களிலேயே இருப்பீர்கள். 'நம்ம பையன்' என்ற சொல்லால் கைடு யாரைக் குறிப்பிடுகிறார், யாரைக் குறிப்பிடுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

சுயமுன்னேற்றம் என்ற சொல்லை நம் இளைஞர்கள் கேலியாகப் பார்ப்பது சரிதான். அமைப்பைப் பேசாமல் தனிமனிதரை மட்டும் பேசுகிற வணிகம் அது. ஆனால் அந்தக் கேலியிலேயே நாம் ஒன்றைத் தவறவிடுகிறோம். சாதி அமைப்பாக மட்டும் இல்லை, ஆசிரியரின் காதிலும் நாக்கிலும் கண்ணிலும் பழக்கமாகவும் இருக்கிறது. யார் கை தூக்கினால் முதலில் பார்க்கிறேன், யாருடைய தப்பான ஆங்கிலத்துக்குப் புன்னகைக்கிறேன், யாரை 'ஷார்ப்' என்றும் யாரை 'பாவம், முயற்சி பண்றான்' என்றும் ஆசிரியர் அறையில் சொல்கிறேன். இதை மாற்ற ஒரு புரட்சி வரும்வரை காத்திருக்க முடியாது. கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் 1994-இல் கற்பித்தல் பற்றி எழுதிய நூலில் ஆசிரியரின் சுயவளர்ச்சியை வற்புறுத்தியது இந்தப் பொருளில்தான். தன்னைத் திறந்து காட்டத் தயாராக இல்லாத ஆசிரியர், மாணவர்களை மட்டும் திறந்து பேசச் சொல்வது அதிகாரம் என்பது அவருடைய வாதம். அமெரிக்காவின் கென்டக்கியில், கறுப்பினக் குழந்தைகளுக்கான தனிப் பள்ளியில் அவர் படித்தபோது அவருடைய ஆசிரியர்களுக்குப் பிள்ளைகளின் குடும்பம் தெரியும், தேவாலயம் தெரியும். இனப் பிரிவினை நீங்கி வெள்ளையர் பள்ளிக்கு மாறியபோது கட்டடமும் வசதியும் கிடைத்தன, அந்த ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. ஆதி திராவிடர் நலப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வந்த என் மாணவர்கள் சிலர் கிட்டத்தட்ட இதையே வேறு சொற்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் முதல் நாள் குடும்பத்தைக் கேட்டதும் இதுவும் ஒன்றா? இல்லை. அந்த ஆசிரியர்கள் அதே தெருவில் வாழ்ந்து தெரிந்துகொண்டார்கள். நான் மேடையில் நின்றுகொண்டு விசாரணை செய்தேன்.

இப்போது அந்தச் சக ஆசிரியரின் கேள்வி. 'வேற வேலையே இல்லையா?' தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். நான் நடத்தும் அதே பாடம், அதே வகுப்பு. கௌரவ ஆசிரியர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது. இங்கே பல ஆண்டுகள் அவர்களின் ஊதியம் அதில் பாதியைத் தாண்டவில்லை, அதுவும் ஆண்டுக்கு 11 மாதம்தான். பதவி உயர்வு கிடையாது, ஆகவே 21 நாள் பயிற்சியும் அவர்களுக்குக் கட்டாயமில்லை. அவர்களின் 'வளர்ச்சி' எந்த விதிமுறையிலும் ஒரு தலைப்பாக இல்லை. சுயநிதிக் கல்லூரிகளில் நிலைமை இன்னும் கீழே. அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் பூட்டி வைத்துக்கொள்வது, கோடை விடுமுறையில் ஊர் ஊராக அட்மிஷன் பிடிக்க அனுப்புவது, ஆள் பிடித்துக் கொடுக்காவிட்டால் சம்பளத்தை நிறுத்துவது. வீடு வீடாகப் போய் மாணவர் சேர்க்கை பிடித்து வந்த ஒருவரிடம் போய், விடைத்தாளில் பெயரை மடித்துத் திருத்துங்கள் தோழர் என்று எப்படிச் சொல்வது?

சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் அவருடைய சம்பளத்தைப் பற்றியும் அதே மூச்சில் பேசினால்தான் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஆசிரியர் சங்கங்கள் ஊதியத்துக்கும் பணிப் பாதுகாப்புக்கும் போராடியிருக்கின்றன, அந்தப் போராட்டங்களின் பலனில்தான் என்னைப் போன்றவர்கள் சாப்பிடுகிறோம். ஆனால் எத்தனை சங்கக் கூட்டங்களின் பொருள்நிரலில் 'நம் வகுப்பறையில் சாதி' என்று ஒரு வரி இருந்திருக்கிறது? ஆசிரியர் மீது ஒரு மாணவர் வன்கொடுமைப் புகார் கொடுத்தால், பெரும்பாலும் சங்கம் முதலில் ஆசிரியர் பக்கம் நின்றுவிட்டுப் பிறகுதான் விசாரிக்கிறது. இதை மாற்றச் சொல்லி உள்ளிருந்து பேசுகிறவர்களுக்குத் 'துரோகி' பட்டம் கிடைக்கும். கிடைத்தவன் என்பதால் சொல்கிறேன், பெரிதாக வலிக்காது.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. பயிற்சியின் முதல் வாரத்தையே வகுப்பறைச் சாதிப் பாகுபாட்டுக்கும் அதற்கான சட்டங்களுக்கும் ஒதுக்க வேண்டும். அதைத் தலித், பழங்குடி ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் நடத்த வேண்டும், உரிய ஊதியத்தோடு. கௌரவ விரிவுரையாளர்களுக்கும் ஊதியத்துடன் கூடிய பயிற்சி வேண்டும். ஆய்வு வழிகாட்டி ஆவதற்கு முன் தனிப் பயிற்சி கட்டாயமாக வேண்டும். இவை வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. எங்கள் துறையில் நாங்கள் நான்கு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை உட்கார்கிறோம். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாரிடம் கேள்வி கேட்டார், யாரிடம் கேட்கவில்லை என்று எண்ணிக் குறித்துவந்து சொல்வார். முதல் முறை என்னைப் பற்றிக் குறித்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஐம்பது நிமிடத்தில் நான் பெயர் சொல்லி அழைத்தது ஏழு பேரை, ஏழு பேரும் முதல் மூன்று வரிசை. அதைச் சொல்வதற்கு அவர் பதினைந்து நாள் தயங்கினார். அவருடைய அடுத்த ஆண்டுப் பணி நீட்டிப்புக்கான தாளில் கையெழுத்திடுபவர்களில் நானும் ஒருவன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சுயஅறிமுகத்தை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக முதல் நாள் ஒரு துண்டுத்தாள் கொடுக்கிறேன். கல்லூரிக்கு எப்படி வருகிறீர்கள், எந்தப் பாடம் பயமாக இருக்கிறது, என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா என்று மூன்று கேள்விகள். பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். முதல் ஆண்டு வந்த தாள்களில் ஒன்று இது:

"சார் எங்க ஊருக்கு 3.40க்கு ஒரு பஸ். அத விட்டா 6.15 தான். கடசி பீரியடு டெஸ்ட் வச்சா பாதியில எந்திரிச்சிருவேன். கோவிச்சுக்காதீங்க."

அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளும் இன்டர்னல் தேர்வுகளை நான் கடைசி பீரியடில்தான் வைத்துவந்தேன், மற்ற வகுப்புகளுக்குத் தொந்தரவு இருக்காது என்று. பாதியில் எழுந்து போனவர்களின் பெயருக்கு எதிரே 'அக்கறை இல்லை' என்று பென்சிலால் குறித்த பதிவேடு இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.